கேட்டு வாங்கிய நாற்காலி

ராம்பரி அண்ணியின் வாய் இரண்டு ஊருக்குக் கேட்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிரஹா மாவட்டத்தில் எங்கள் கரஹியா முசஹர் டோலில், அதாவது எங்கள் சாதிச் சேரியில், அறுபது குடிசைகள். அறுபதிலும் வாயுள்ள பெண்கள்தான். ஆனாலும் திட்டு வாங்குகிறவனே நின்று கேட்டு ரசிக்கும்படி திட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவளின் வாயை அடைத்தவன் நான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. பதினான்கு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியாயிற்று, இனிமேலாவது சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சியாராம் சதா. எங்கள் டோலில் பத்தாம் வகுப்புத் தேறிய முதல் ஆள். அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டது. இப்போது வார்டு அலுவலகத்துக்கு வெளியே அரசமரத்தடியில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

ராம்பரியின் புருஷன் கூரன் என் கூடப்பிறந்தவன் இல்லை, ஆனால் டோல் முறையில் என்னைவிட மூத்தவன். அதனால் அவள் எனக்கு அண்ணி, நான் அவளுக்குக் கொழுந்தன். எங்கள் பக்கத்தில் கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் நடுவே கேலிக்குக் கணக்கே கிடையாது. ஹோலி வந்தால் என்னை ஓடவிட்டுத் துரத்திச் சேற்றைப் பூசுவாள். "பத்தாவது படிச்சவனே, பாஸானது நீயா, உன் பக்கத்துல உக்காந்தவனா?" என்று நடுத்தெருவில் கேட்பாள். கேட்டுக்கொண்டு சிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் மூத்தார் விஷயம் வேறு. கணவனின் அண்ணன் முன்னால் ஒரு பெண் முகம் காட்டக் கூடாது, பேசக் கூடாது, அவர் நிழல் இவள் மேல் விழக் கூடாது. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். அவர் பங்குக்கு, முற்றத்தில் கால் வைக்கும் முன் ஒரு தடவை இருமுவார். இருமல் கேட்டதும் முக்காடு இறங்கிவிடும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ராம்பரியின் மூத்தார் மஹங்கு சதா. எங்கள் டோலின் நாட்டாமையும் அவர்தான்.

பலான் நதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் வாழ வந்தவள் ராம்பரி. வந்த முதல் வாரமே பெரிய வீட்டுக்காரர்களின் குழாயடிக்குப் போய், நேராகக் கைப்பிடியைப் பிடித்து அடித்துத் தண்ணீர் குடித்துவிட்டாள். ஊரே கூடிவிட்டது. "என் கை பட்டா தீட்டா? இந்தக் குழாயப் பூமிக்குள்ள எறக்கினது யாரு? என் மாமனாருதானே குழி தோண்டினாரு? அன்னைக்குத் தீட்டு எங்க போயிருந்துச்சு, சந்தைக்கா?" என்றாள். அன்றைக்கு அவர்கள் பித்தளைக் குடங்களைக் கழுவியது கழுவியதுதான். அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தக் குழாயில் கை வைத்தார்கள்.

ரஞ்சு பிறந்து பத்து மாதத்தில் கூரன் நடவு வேலைக்குப் பஞ்சாப் போனான். போனவன் போனவன்தான். லூதியானாவில் ரிக்‌ஷா மிதிக்கிறான் என்றான் ஒருவன். அங்கேயே வேறு குடும்பம் இருக்கிறது என்றான் இன்னொருவன். நாங்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தால் அவளே சிரிப்பாள். "உசிரோட இருந்தா நல்லா இருக்கட்டும். செத்திருந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். வளையல உடைக்கிறதா வேணாமான்னு தெரியாம கையத் தூக்கிட்டு நிக்கிறேன்!"

சிரித்துச் சிரித்தே ஆறு வருஷம் ஓட்டினாள். ரஞ்சுவைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்றுதான் சிரிப்பு நின்றது. பிறப்புப் பதிவு கேட்டார்கள். பதிவுக்குப் போனால் தகப்பனின் குடியுரிமைச் சீட்டு கேட்டார்கள். கூரனுக்கு அப்படி ஒரு சீட்டு இருந்ததே இல்லை. தகப்பன் இல்லையென்றால் அவன் கூடப்பிறந்தவர் வந்து, "ஆமாம், இது என் தம்பி குழந்தை" என்று கைநாட்டு வைக்க வேண்டும். அதாவது மஹங்கு அண்ணன் வைக்க வேண்டும்.

மஹங்கு அண்ணனுக்கு நான்கு மகன்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே ஒரு மனை. ரஞ்சு கூரனின் பிள்ளை என்று காகிதத்தில் ஏறிவிட்டால் முற்றத்தில் பாதி அவளுக்குப் போகும். ராம்பரி அவரிடம் நேரே பேச முடியாது. அவர் மனைவி மூலமாகச் சொல்லி அனுப்புவாள். "பாக்கலாம்" என்று பதில் வரும். தீபாவளி முடிந்து கேட்டாலும் "பாக்கலாம்." அறுப்பு முடிந்து கேட்டாலும் "பாக்கலாம்."

"என் வயித்துல பத்து மாசம் இருந்தப்ப இந்தப் புள்ளை எந்த நாட்டுல இருந்துச்சாம்?" என்று என்னிடம் வந்து கேட்டாள் ராம்பரி. "நான் பெத்தேன். நான் சொன்னா போதாதா கொழுந்தா? பெக்காதவன் கைநாட்டுக்கு இருக்கிற மதிப்பு பெத்தவ கைநாட்டுக்கு இல்லையா?"

காலமும் அப்படிப்பட்ட காலம். ராஜாவின் ஆட்சி போய்விட்டது. நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதக் காட்மாண்டுவில் பெரிய சபை உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆட்களே சிலர் அதில் உறுப்பினர்கள். சட்டத்தில் என்ன வேண்டும் என்று ஊர் ஊராக வந்து கேட்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். யாரும் இதுவரை கேட்காதவர்களை முதலில் கேட்பார்களாம். எங்கள் பக்கத்தில் கூட்டம் சேர்த்து, ஆட்களைப் பேசத் தயார் செய்து, பேசியதை எழுதிக் கொடுக்க உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. பத்தாவது படித்த முசஹர் வேறு யார் இருக்கிறார்? பக்கத்து டவுன் லஹானில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொன்னதை மட்டும் எழுது, சொல்லாததை எழுதாதே என்பது முதல் பாடம்.

தினமும் மதியம் குளத்தங்கரையில் கூடினோம். கேள்விகள் நூற்றுக்கும் மேல். ஜனாதிபதிக்கு அதிகாரமா பிரதமருக்கு அதிகாரமா என்று படித்துக் காட்டினேன். மஹங்கு அண்ணன் நன்றாக யோசித்து, "ரெண்டு பேர்ல யாருக்குப் பசி கம்மியோ அவரப் போடு" என்றார். மஹங்கு அண்ணன் வராத ஒரு நாள், முன்னேற்பாடு பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "நீங்கல்லாம் இன்னும் எலி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். முசஹர் என்ற பெயருக்கே எலி தின்கிறவன் என்றுதான் அர்த்தம் சொல்வார்கள், எனக்கு ரத்தம் கொதித்தது. ராம்பரிக்குக் கொதிக்கவில்லை. பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து, "பெருசெல்லாம் காட்மாண்டுக்குப் போயிடுச்சு சார், எங்களுக்குச் சின்னதுதான் கெடைக்குது" என்றாள். அவர் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

பெண்கள் சார்பில் அவள்தான் பேசுவது என்று அன்றே முடிவாயிற்று. எல்லோரும் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லத் தயாராக இருந்தார்கள். நிலம், பள்ளிக்கூடம், வேலையில் பங்கு. சொந்தமாகச் சொல்ல ஒன்று வைத்திருந்தவள் அவள்தான். பெற்றவள் சொன்னால் பிள்ளைக்குச் சீட்டு. அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் சட்ட மொழியில் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டாள். "இது உன் வாய்க்குத்தான் லாயக்கு, எனக்குப் பல்லு வலிக்குது." தன் பேச்சிலேயே பழகினாள். குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று நத்தை பொறுக்கும்போது, "சபையில இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே" என்று நத்தைகளைப் பார்த்துச் சொல்வாள். ரஞ்சு கரையில் உட்கார்ந்து கைதட்டுவாள். ஒருநாள் அவர்கள் வீட்டு நத்தைக் குழம்பை எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, "உன் சட்டம் கருத்துக் கேட்டுச்சுல்ல, இந்த நத்தை எல்லாம் ஒத்துக்கிச்சு. இனிமே காட்மாண்டுதான் பாக்கி" என்றாள்.

இதுவரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி. இனிமேல்தான் நாற்காலி.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். முதல் நாள் சாயங்காலம் பந்தல் வேலை பார்க்கப் போனேன். மேடையில் எட்டு நாற்காலி. சபை உறுப்பினர்களுக்கு, தலைமை ஆசிரியருக்கு, கட்சிக்காரர்களுக்கு. பள்ளிச் செயலாளர், மேல்சாதிக்காரரான ஜா-ஜி ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுங்க?" என்றேன்.

"முன்னாடி தார்ப்பாய் விரிக்கச் சொல்லியிருக்கேன்யா. முதல் வரிசை! இன்னும் என்ன வேணும்?"

"ஒம்பதாவது நாற்காலி."

"யாருக்கு?"

"எங்க நாட்டாமைக்கு."

அவர் சீட்டு ஒட்டுவதை நிறுத்தினார். "மஹங்கு மேல உக்காந்தா, அப்புறம் நாங்க எங்கய்யா உக்கார்றது?"

"தார்ப்பாய்லதான். முதல் வரிசை!"

அன்றைக்கு எனக்கு வந்த ஆவேசம் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஒடுக்கப்பட்டவனைக் கேட்க வந்த கூட்டத்தில் ஒடுக்கப்பட்டவனுக்கு நாற்காலி இல்லையா என்று கத்தினேன். நாற்காலி இல்லையென்றால் டோலில் ஒரு ஆள் வரமாட்டான், காலி தார்ப்பாயிடம் கருத்துக் கேளுங்கள் என்றேன். கட்சிக்காரர்கள் வந்து பேசினார்கள். தலைமை ஆசிரியர் வந்து கையைப் பிடித்தார். இருட்டுவதற்குள் ஒன்பதாவது நாற்காலி வந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதை நானே மேடையில் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன், ஓரத்தில் அல்ல, நடுவிலிருந்து மூன்றாவதாக.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ராம்பரி அக்கா பேசற எடத்துலயா?" என்று கேட்டாள்.

"அதே எடம்தான்! எப்படி?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மஹங்கு அண்ணனிடம் வேட்டியைத் துவைக்கச் சொல்லப் போய்விட்டேன். டோலில் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. திடீரென்று பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று ஆசை.

மறுநாள் பிளந்தார்கள். மஹங்கு அண்ணன் அந்த நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். "சரிஞ்சிடாதுல்ல?" என்று என் காதில் கேட்டார். செவ்வந்தி மாலை போட்டார்கள். ஜா-ஜியே போட வேண்டியதாயிற்று. எங்கள் டோல் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. பல்லில்லாத கிழவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். முசஹர் பிறந்து எத்தனை தலைமுறை? ஒருத்தனாவது அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறானா? அந்த அழுகை பொய்யில்லை. அதை இன்றைக்கும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆண்கள் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். நான் மேடைக்குக் கீழே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒலிபெருக்கியில் நானே அழைத்தேன். "முசஹர் டோல் பெண்கள் சார்பில், ராம்பரி சதா."

பெண்கள் பகுதி பந்தலின் பின்பக்கம், தூணுக்கு அப்பால். அங்கிருந்து மேடை சரியாகத் தெரியாது. யாருக்கோ மாலை விழுந்ததும் கத்தினார்கள் என்று அவளும் கத்தியிருக்கிறாள், யாருக்கு என்று பார்க்கவில்லை. இரவல் வாங்கிய மஞ்சள் புடவையில் சண்டைக்குப் போகிறவள் நடக்கிற நடையில் மேடைக்கு முன்னால் வந்தாள். பின்னாலிருந்து பெண்கள், "விடாத அக்கா!" என்றார்கள். ரஞ்சு ஓடி வந்து என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராம்பரி மைக்கைச் சொல்லிக்கொடுத்தபடியே கையில் எடுத்தாள். தலையை நிமிர்த்தினாள். இரண்டு முழத் தூரத்தில், நாற்காலியில், மாலையோடு அவளுடைய மூத்தார்.

மஹங்கு அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். இருமினார்.

முக்காடு நெஞ்சுவரை இறங்கியது. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் பந்தல் முழுவதும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்னய்யா, வாய்க்காரின்னு சொன்னே?" என்றார் ஜா-ஜி. காட்மாண்டுவிலிருந்து வந்திருந்த உறுப்பினர் அம்மாள் நல்லவர். "வெக்கப்படாதீங்க அக்கா, உங்களக் கேக்கத்தான் வந்திருக்கோம்" என்றார். வெட்கமாம்! அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒருவன் கீழே உட்கார்ந்திருந்தானே.

நான் எழுந்து அவளருகே போனேன். முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள். "கொழுந்தா, அவரக் கீழ எறக்கு."

"அண்ணி, இன்னைக்கு ஒரு நாள்..."

"ரெண்டே வார்த்தை. சொல்லிட்டுப் போயிடறேன். அவரச் சித்த நேரம் எறக்கு. என் புள்ளைக்காகக் கேக்கறேன்."

மேடையைப் பார்த்தேன். மஹங்கு அண்ணன் நாற்காலிக் கைகளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார், அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவருக்குப் பக்கத்தில் ஜா-ஜியின் அரைச் சிரிப்பு. முசஹரை ஏற்றினான், அரைமணி நேரத்தில் அவனே இறக்கினான் என்று ஊர் பேசுமே என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். குழந்தை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதை நினைக்கவில்லை.

அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். "அடுத்தவரைக் கூப்பிடலாம்" என்றேன்.

முக்காடு அப்படியே திரும்பிப் பெண்கள் பகுதிக்குப் போயிற்று. ரஞ்சு பின்னால் ஓடினாள். "ஏம்மா சொல்லலை? நத்தைகிட்டச் சொன்னியேம்மா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

கூட்டம் முடிந்து கருத்துப் படிவத்தை முடிக்கும்போது அந்த உறுப்பினர் அம்மாள், "பெண்கள் சொன்னதை எழுதற இடம் காலியா இருக்கே?" என்றார். ராம்பரி சொல்ல வந்தது எனக்கு மனப்பாடம். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லாததை எழுதாதே என்று பயிற்சியில் சொன்னார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். விதியும் இல்லை, மண்ணும் இல்லை. கோபம். என் பெரிய நாளில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாளே என்ற கோபம். "பெண்கள் தரப்பில் தனிக் கருத்து எதுவும் இல்லை" என்று என் குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன். உரக்கப் படித்தேன். டோல் சார்பில் மஹங்கு அண்ணன் கைநாட்டு வைத்தார்.

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "முசஹர் வீட்டுல பொறந்தவன்தானே நீ? மூத்தார் முன்னாடி எவ வாயத் தொறப்பான்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். "நாந்தான் நேத்தே கேட்டேனே."

மூன்று வாரத்தில் ஹோலி. வாசலில் தயாராக நின்றேன். டோல் முழுவதும் சேறும் சாயமுமாகக் கத்திக்கொண்டு ஓடியது. ராம்பரி எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள், கையில் சேறோடு. என்னைப் பார்த்தாள். வேறொரு கொழுந்தன் மேல் பூசினாள். அந்த வருஷம் சுத்தமான சட்டையோடு ஹோலி முடித்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். அதற்கப்புறம் என்னிடம் பேசவேண்டியதைப் பேசினாள். கொழுந்தா என்று மட்டும் கூப்பிடவில்லை.

சட்டம் வர ஆறு வருஷமாயிற்று. முதல் சபை கலைந்து, இரண்டாவது சபை வந்து, எங்கள் பக்கத்தில் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. நான் வாங்கிப் படித்தேன். பெற்றவள் மூலம் குடியுரிமை என்று இருந்தது. ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். அடுத்த வரியில் நிபந்தனை: தகப்பன் யாரென்று கண்டறியப்படாவிட்டால். ஒரு டோலில் ஒருத்தி பேசியிருந்தால் அந்த வரி மாறியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மாறியிருக்காது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தது ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ரஞ்சு கெட்டிக்காரி. பிறப்புப் பதிவு இல்லாமலே தலைமை ஆசிரியரின் தயவில் பத்துவரை படித்தாள். அதற்குமேல் கதவு மூடிவிட்டது. தாதிப் படிப்பில் சேரக் குடியுரிமைச் சீட்டு கேட்டார்கள். கைப்பேசிக்குச் சிம் வாங்கக்கூடச் சீட்டு வேண்டும். லஹானில் ஒரு மருந்துக் கடையில் கணக்கில் பெயரில்லாமல் வேலை பார்த்தாள். ராம்பரி மஹங்கு அண்ணனுக்கு இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" வந்துகொண்டிருந்தது. கடைசியில் போன வருஷம் ரஞ்சுவே என் மேசைக்கு வந்தாள். "சித்தப்பா, அந்த இன்னொரு வழில எழுதிக் குடுங்க" என்றாள்.

"அம்மா ஒத்துக்கிட்டாளா?"

"எனக்கு இருபது வயசாச்சு சித்தப்பா."

அந்த இன்னொரு வழி என்னவென்றால், இந்தக் குழந்தையின் தகப்பன் யாரென்றே தெரியாது என்று பெற்றவள் கைநாட்டு வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்கு யார் வருவார்கள் என்று டோலில் கேட்டபோது, "நான் வரேன்" என்றார் மஹங்கு அண்ணன். பதின்மூன்று வருஷத்துக்கு மேல் "பாக்கலாம்" சொன்ன மனுஷன், அன்றைக்கு உடனே ஒத்துக்கொண்டார். தகப்பன் தெரியாத பிள்ளைக்கு முற்றத்தில் பங்கு கிடையாதே.

மூன்று பேரும் அரசமரத்தடிக்கு வந்தார்கள். என் மேசைக்கு எதிரே வருகிறவர்களுக்காக ஒரே ஒரு நாற்காலி. மஹங்கு அண்ணன் இருமிவிட்டு அதில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவருக்கு நாற்காலி பழகிவிட்டது, இப்போதெல்லாம் எங்கே போனாலும் கேட்டு வாங்கி உட்காருவார். ராம்பரி முக்காட்டோடு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. நிழல் எட்டாத பக்கம், வெயிலில் நின்றாள்.

எழுதினேன். எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது வழக்கம், படித்தேன். "மேற்படி ரஞ்சுவின் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது." மஹங்கு அண்ணன் முதலில் கைநாட்டு வைத்தார். தன் தம்பியைத் தெரியாது என்று வைத்தார்.

"அண்ணி, வேணாம்னா சொல்லு. இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

"கிழிக்காத. புள்ளைக்கு வேணும்." முக்காட்டுக்குள் முணுமுணுத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினாள். ரஞ்சுதான் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தாள். ரஞ்சு அழுதுகொண்டிருந்தாள்.

ராம்பரி விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டாள். பிறகு மஹங்கு அண்ணனுக்குக் கேட்காத குரலில், "அன்னைக்குப் பொம்பளைங்க எடத்துல என்ன எழுதின, கொழுந்தா?" என்றாள்.

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன்."

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு எழுதினதும் நீ. எம் புள்ளைக்கு அப்பன் இல்லைன்னு எழுதினதும் நீ. என்ன அழகான கையெழுத்து கொழுந்தா உனக்கு! கொடு, அதையும் நான்தான் சுமக்கணும்." காகிதத்தை வாங்கி ரஞ்சுவிடம் கொடுத்தாள். வெயிலில் இன்னும் மரத்தைப் பார்த்தபடிதான் நின்றாள், போவதென்றால் மஹங்கு அண்ணனைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால். அவரோ எழுந்திருக்கவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்திருங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மேசை, என் நாற்காலி, சுற்றிலும் ஒரு ஜா-ஜியும் இல்லை. அன்றைக்கும் நான் சொல்லவில்லை.